டிரைவர் இல்லாத கார்

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், குவைத்திலிருந்து அத்தை வந்திறங்கிய நான்காம் நாள், எங்கள் வீட்டில் ஒரு சண்டை தொடங்கியது. வேளாங்கண்ணிக்குக் காரில் போவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. அந்தக் காரை யார் ஓட்டுவது என்பதில்தான் சண்டை.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. ஐந்து வருடம் கழித்து மறுபடி ஊருக்கு வந்திருந்தாள். அப்பா பாளையம்பட்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். தன் தங்கை குவைத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று அவர் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சொல்வார். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வார். யாராவது காய்ச்சல் என்று வந்தால் மாத்திரையின் பெயரோடு சேர்த்துச் சொல்வார். மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவள் அத்தை. மிச்சப் படிப்பை அங்கே போய் முடித்துக்கொண்டாள் என்பது எங்கள் வீட்டு வரலாறு. அந்த வரலாற்றை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை காங்கிரீட் ஆனது அவளால்தான் என்பதால், திருப்பிப் பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"டிரைவர் எதுக்கு? நானே ஓட்டுவேன்" என்று அத்தை சொன்னபோது, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"அங்க வண்டிய மட்டும் வாடகைக்குக் குடுப்பாகண்ணே. கடையில வரிசையா நிப்பாட்டி வச்சிருப்பாக. பிடிச்சத எடுத்து நாமளே ஓட்டிட்டுப் போகலாம்."

"இங்க அப்படி யாரும் குடுக்க மாட்டாக பாப்பா" என்றார் அப்பா. தங்கைக்கு முப்பத்து மூன்று வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"கேட்டுப் பாப்போமே."

கேட்டுப் பார்க்கும் பொறுப்பு மாமாவிடம் வந்தது. அம்மாவின் அண்ணனான அவர், அருப்புக்கோட்டையில் பஞ்சு மில் ஒன்றில் கணக்கர். மில்லுக்கு வரும் லாரிகளைத் தினமும் பார்ப்பதால் மோட்டார் சங்கதிகள் தனக்கு அத்துபடி என்ற எண்ணம் அவருக்கு உண்டு. எந்த வண்டியைக் கண்டாலும் டயரை ஒரு மிதி மிதிப்பார். பிறகு தலையை ஆட்டுவார். அந்த ஆட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்கும் துணிவு யாருக்கும் வந்ததில்லை. அவரோடு அத்தை கிளம்ப, நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

முதலில் போனது பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த கார் ஸ்டாண்டுக்கு. வெள்ளை அம்பாசிடர் ஒன்று கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூமாலையோடு நின்றது. அதன் சொந்தக்காரரே டிரைவர். மாமா டயரை மிதித்தார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, எத்தனை பேர், எத்தனை நாள் என்று அந்த மனிதர் விசாரித்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. டிரைவர் வேண்டாம், வண்டி மட்டும் போதும் என்று அத்தை சொன்ன பிறகு, அவர் மாமாவைத்தான் பார்த்தார்.

"அப்ப நான் என்ன செய்ய? ரெண்டு நாளும் இந்தப் புளிய மரத்தடியில உக்காந்துருக்கவா?"

பக்கத்துக் கார்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தாள். நாங்கள் நடந்து வரும்போது பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார்: "எம்பொண்டாட்டிய வேணாக் கேளுங்க சார், அனுப்புறேன். வண்டியத் தர மாட்டேன்."

இரண்டாவது, மாமாவுக்குத் தெரிந்த ஓர் அரிசி ஆலைக்காரரின் பியட் கார். வெண்ணெய் நிறம். உள்ளே தங்க நிறத்தில் பூப்போட்ட துணி உறை. நான் அதை மனத்தில் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டேன். சினிமாவில் பணக்கார வீட்டுப் பெண்கள் வரும் கார் அது. பின்சீட்டில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன்; பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போய் மேலே வந்தது. ஆலைக்காரரும் எங்களுக்கு இளநீர் வெட்டித் தரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார்.

"வாத்தியாரு தங்கச்சிக்கு இல்லாததா? யாரு ஓட்டுறாக?"

"நான்தான்" என்றாள் அத்தை. எல்லா நாட்டிலும் செல்லும் லைசென்ஸ் என்று சொல்லி ஒரு சிறு புத்தகத்தையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவளுடைய புகைப்படமும் முத்திரையும் இருந்தன.

ஆலைக்காரர் அதை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு ஒரு நிமிடம் என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் மிகுந்த வருத்தம் இருந்தது. வண்டிக்கு நேற்றிலிருந்து ஏதோ கோளாறாம், மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டுமாம். நாங்கள் இளநீரைக் குடித்து முடித்துத் தெருமுனையைத் தாண்டுவதற்குள், கோளாறான அந்தக் கார் எங்களைக் கடந்து போனது. பின்சீட்டில் ஆலைக்காரரின் மனைவி கல்யாணத்துக்குப் போகும் அலங்காரத்தில் இருந்தார். அத்தை கையை உயர்த்தி வணக்கம் சொன்னாள். அவரும் சொன்னார்.

மறுநாள் எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறினோம். அங்கே பருத்தி விவசாயி ஒருவர் அம்பாசிடர் வைத்திருந்தார். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களுக்கும் முகூர்த்தம் வந்தால் மாப்பிள்ளைகளுக்கும் போகும் வண்டி. மற்ற நாட்களில் தொழுவத்தை ஒட்டிய கூரைக்குள் நிற்கும். நாங்கள் போனபோது அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். உள்ளே பருத்திக்கொட்டை வாசனை. எனக்கு அழுகையே வந்தது.

வீட்டுக்காரர் திருச்சுழித் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி வெளியே வந்தார். கனத்த உடம்பு, காதில் கல் தோடு, முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். அத்தை ஓட்டப் போகிறாள் என்று மாமா தயங்கித் தயங்கிச் சொன்னதும், அந்த அம்மாவின் கண்கள் பெரிதாயின.

"நெசமாவா? நீயா ஓட்டுவ?"

"ஆமாக்கா."

"எங்க, ஓட்டிக் காட்டு. நானும் ஏறிக்கிறேன்."

கோழியை விரட்டிவிட்டு, அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்காரப் போனாள். அங்கே ஸ்டியரிங் இல்லை. குவைத்தில் அது இடது பக்கம் என்று பிறகு சொன்னாள். "எந்தப் பக்கம் ஏறணும்னே தெரியல" என்று மாமா என் காதில் முனகினார். வண்டியில் இடமிருந்தும், வீட்டில் யாராவது துணைக்கு இருக்க வேண்டும் என்று தாமாகவே முடிவு செய்து தொழுவத்தருகே நின்றுகொண்டார்.

வலது பக்கம் ஏறுவதற்கு முன் அத்தை ஒன்று செய்தாள். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அந்த அம்மா ஏறுவதற்காக ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"எனக்கு எதுக்குத்தா கதவத் தொறந்துவிடுற? நான் முன்னால உக்காரப் போறேன். இந்த வண்டி வாங்கி ஒம்போது வருசமாச்சு. ஒரு நாளாச்சும் முன்னால உக்கார விட்டாகளா!"

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். இரண்டு முறை வண்டி குலுங்கி நின்றது. கியர் கம்பியைத் தேடி அத்தையின் வலது கை காற்றில் துழாவியது. மூன்றாம் முறை நகர்ந்தது. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்தபோது, அத்தை கழுத்தைத் திருப்பி, பின்பக்கமாகவே வளைத்து வளைத்து ஓட்டி வழி விட்டாள். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அந்த அம்மா அவருக்குக் கை காட்டினார். திருச்சுழி ரோட்டுக்கு வந்ததும் வழியில் கண்ட எல்லோருக்கும் கை காட்டினார். ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தபோது, கும்பிடுவதற்குக் கை தூக்கிய ஆட்டுக்காரர் உள்ளே இருவரும் பெண்கள் என்று கண்டு கையை இறக்க மறந்து நின்றார்.

"யாருக்குத்தா ஓட்டுன அங்க? கை நல்லாப் பழகியிருக்கே" என்று கேட்டார் அந்த அம்மா.

அத்தை ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு வீட்டம்மாவுக்குக்கா. மொத ரெண்டு வருசம் அவுக வீட்டுல சமையலு. பெறகு அவுகளே வண்டி பழக்கிவிட்டாக. பிள்ளைகளப் பள்ளிக்கொடத்துல விடணும், கூப்புடணும்."

அந்த அம்மா திரும்பி அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா வளத்துருக்காக ஒன்ன" என்று மட்டும் சொன்னார். மேலே இருந்த சிறு கண்ணாடியில் அத்தை என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வண்டி எங்களுக்குக் கிடைத்துவிட்டது. "அவுக வந்தா நான் சொல்லிக்கிறேன்" என்று சாவியை அந்த அம்மாவே கொடுத்தார். அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவினாள். வாளி, துணி, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். கதவு இடுக்கு, விளக்கு வளையம், மிதிக்கும் பலகை எதையும் விடவில்லை. தெருவே வந்து பார்த்தது. கழுவி முடித்தபோது அது பச்சை வண்டிதான் என்று தெரிந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். மாமாவுக்கு மில்லில் எதிர்பாராத வேலை வந்துவிட்டது. அப்பா, அம்மா, தம்பி பின்னால், நான் முன்னால். பாளையம்பட்டி தாண்டும்வரை அப்பா ஜெபமாலையை உருட்டினார். திருச்சுழி தாண்டும்போது கண்ணைத் திறந்தார். நரிக்குடி நெருங்குகையில் அவர் குரலில் பெருமையே வந்துவிட்டது.

"ஏன் பாப்பா, ஆஸ்பத்திரியில ஆம்புலன்சு ஓட்ட வேண்டியிருக்கும்னு பழக்கிவிட்டாகளோ?"

அத்தை பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒன்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்பது அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பு அல்ல.

"இல்லப்பா. அத்தை ஒரு வீட்டம்மாவுக்கு ஓட்டுமாம். அதுக்கு முன்னாடி அவுக வீட்டுல சமையலு செஞ்சுச்சாம்."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. இருபுறமும் கருவேல மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்படியா பாப்பா?"

"ஆமாண்ணே."

"வண்டிய நிப்பாட்டு."

அத்தை ஓரமாக நிறுத்தினாள். அப்பா இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கருவேலங்காட்டைப் பார்த்து நின்றார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அம்மா பின்னாலிருந்து அத்தையின் தோளில் கை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில சேத்துவிடுறேன்னுதான் ஏஜெண்டு கூட்டிட்டுப் போனாரு மதினி. போயி எறங்குன பெறகுதான் வீட்டு வேலைன்னு தெரிஞ்சது. அண்ணன் எல்லாருட்டயும் சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தாக. எப்படி எழுதுறது?"

எனக்கு ஒரே கவலைதான். வண்டி வந்த வழியே திரும்பிவிட்டால் கடலைப் பார்க்க முடியாது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் விளங்கவில்லை. கார் ஓட்டுவது ஊசி போடுவதைவிட எவ்வளவு பெரிய வேலை!

அப்பா திரும்பி வந்தார். என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ பின்னால போ."

நான் முரண்டு பிடித்தேன். அவர் ஒரு பார்வை பார்த்ததும் இறங்கிப் பின்னால் போய், அம்மாவின் கையையும் தட்டிவிட்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டேன். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. வேளாங்கண்ணிப் பக்கமாகத்தான் கிளம்பியது. வெகுதூரம்வரை அவர் அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

"இந்தக் கம்பி எதுக்கு?"

"கியருண்ணே. அங்க இது வலது கைப்பக்கம் இருக்கும்."

"கஷ்டமா இருந்துச்சா பாப்பா?"

அத்தை கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொன்னாள். "மொதல்ல இருந்துச்சு. பெறகு பழகிருச்சு."

ஒரு கியர் கம்பிக்காக இவ்வளவு நேரம் யோசிப்பானேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மானாமதுரை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நாங்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அத்தை வண்டியின் முன்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் டீ ஆற்றியபடியே எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் யாரு சார்? டிரைவருக்கு நம்ம கடையில காசு வாங்குறதில்ல. வரச் சொல்லுங்க."

"டிரைவரு எந்தங்கச்சி" என்றார் அப்பா. கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, பாடம் நடத்தும் குரலில் சொன்னார். "இங்க குடுங்க. நான் கொண்டுபோறேன்."

வீட்டில் அப்பா தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்க மாட்டார். அவர் எழுந்து போய் அந்தக் கண்ணாடி டம்ளரை வாங்கிக்கொண்டார். கடையிலிருந்து கார்வரை இருபதடி இருக்கும். ஒரு சொட்டுச் சிந்தாமல், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து மெல்ல மெல்ல நடந்தார். அத்தை வாங்கக் கை நீட்டிய பிறகும் அவர் டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பெஞ்சிலிருந்தே பார்த்தேன். டீ ரொம்பச் சூடு போல என்று நினைத்துக்கொண்டேன்.