கொடுக்குச் சதை

விலகி வந்த நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் இன்னும் விலகவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்பேன். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. பழவேற்காட்டு நண்டுக் கொட்டகையில் மும்தாஜ் லாத்தா, என் இடத்துக்கு வந்திருக்கும் ஷாலினிக்கு நண்டை உடைத்துச் சதையை எடுத்துத் தருகிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடுக்குச் சதை. அதுவும் உடையாமல் முழுசாக.

பொறாமைப்பட எனக்கு உரிமையே இல்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. நண்பர்கள் மூவராகத் தொடங்கியது அந்த நிறுவனம். சிறுபான்மையினர் நடத்தும் சிறு தொழில்களில் முதல் போட்டுப் பங்காளிகளாகச் சேர்வோம். வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். நிறுவனம் வளர வளர, இயந்திரங்களோடு இருந்த நான் கூட்டங்களில் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அலுத்துப்போய், படித்த குளிர்சாதன வேலைக்கே திரும்பினேன். ஒப்படைக்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதினேன்: மடிக்கணினி, சாவி, கடவுச்சொற்கள், ஐஸ் அறை மெக்கானிக்கின் எண். லாத்தாவையும் சேர்த்துத்தான் ஒப்படைக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

எங்கள் முதல் முதலீடே லாத்தாவின் கொட்டகைதான். முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கோட்டைக்குப்பத்தில் என் நைனா பிடித்துவரும் நண்டை வாங்கியவர் அவர். அவரை நிறுவனத்துக்குக் கூட்டிவந்தது நான். ஐஸ் அறையை வரைந்தது நான். அதைப் பொருத்திய நாட்களில் மதியச் சாப்பாடு கொட்டகையிலேயே. நண்பர்கள் இருவரும் நண்டோடு மல்லுக்கட்டுவார்கள். லாத்தா உடைத்துக் கொடுப்பார். என் பக்கம் சட்டி மட்டும் நகர்ந்து வரும்.

"நீ இன்னா விருந்தாளியா? குப்பத்துப் பொண்ணு, போட்டுத் துன்னு."

எனக்கு அன்று அது பெருமை. சாயங்காலம் பொன்னேரியில் ரயில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்து நகர்வார். எந்தச் சோப்புக்கும் அந்த வாடை போகாது. சோப்பு மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

படம் வந்த வாரமே பழவேற்காடு போனேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் சொல்ல மூன்று காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஐஸ் அறைக் கதவில் நான் எழுதியிருந்த 'கதவை மூடவும்' அழிந்து, அதே இடத்தில் வேறு கையெழுத்தில் அதே வாசகம். ஷாலினி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். அதுதான் தொல்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நண்டைத் தொடுவதில்லை என்ற முடிவோடு இருந்தேன்.

"இன்னாடி, துன்னாம முழிச்சிக்கினு கீற?" என்றார் லாத்தா.

"நகம் வெட்டிட்டேன் லாத்தா. உடைக்க வரல."

"நகத்தாலயா உடைப்ப நீ? பல்லால கடிச்சி ஓட்டைத் துப்புறவளாச்சே!"

நண்டு கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். லாத்தா அடுப்புப் பக்கம் போக எழுந்தபடியே ஷாலினியின் தட்டை என் முன்னால் தள்ளினார்.

"எனக்கு வேல கீது. பாப்பாவுக்கும் சேத்து நீயே உடைச்சிக் குடு."

உடைத்தேன். கொடுக்கின் ஓட்டில் ஒரு தட்டு, ஒரு திருகு. சதை முழுசாக வந்தது.

"அக்கா, லாத்தா உடைச்சாக்கூட இப்படி வராது!" என்றாள் ஷாலினி.

பெரிய கொடுக்கை நான் எடுத்துக்கொண்டு சின்னதை அவளுக்கு வைத்தேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கிளம்பும்போது கை கழுவச் சோப்பு நீட்டினார்கள். வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டேன். ரயிலில் பக்கத்து அம்மாள் ஒரு முறை மோப்பம் பிடித்து, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். மீஞ்சூர் தாண்டியும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

மறுநாள் அலுவலகத்தில், கூட்டத்துக்கு நடுவே, யாரும் பார்க்காதபோது விரல்களை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.