வேர்க்கடலை வறுத்த தோழி

நாள் தவறாமல் வலைப்பூவில் எழுதினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நடை செம்மைப்படும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் மைத்துனர் என்னை வேவு பார்ப்பார் என்று அவர் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பத்தில் வீடு, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் வீடு திரும்பியபின் அன்றைய பதிவைக் கைபேசியிலேயே எழுதி ஏற்றிவிடுவேன். எவர் பெயரையும் சொல்வதில்லை. பிழையான சொல் ஒன்றையும் அனுமதிப்பதில்லை. எவர் எப்படிப் பேசினாலும் என் எழுத்தில் அது திருந்திய தமிழாகவே நிற்கும். மனைவியைக் குறிக்கும் சொற்களெல்லாம் மேடைகளில் தேய்ந்துவிட்டதாகத் தோன்றியதால், அவளைத் 'தோழி' என்று எழுதிவந்தேன். பழந்தமிழ் போற்றிய சொல் அது.

மழைக்காலம் தொடங்கியபோது வீட்டில் ஏதோ மாறியிருந்தது. மேசையில் வைத்துவிட்டுப் போன கைபேசி, குளித்துத் திரும்புவதற்குள் இடம் பெயர்ந்திருக்கும். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் மனைவி, என் காலடி கேட்டதும் பேச்சை நிறுத்துவாள். புவனகிரியில் உரக்கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி ஒருநாள் கல்லூரி வாயிலில் எதிர்ப்பட்டார்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் மாமா. நீங்க எந்த பஸ்ஸுல போவீங்க? தனியாத்தானே?"

மறுவாரமும் வந்தார்; அதே வேலை என்றார். என்னிடம் எதையோ கேட்கக் கூசுகிறார் என்று ஐயுற்றேன்.

"என்ன மச்சான், வீட்டுல சொல்லக்கூடாத சேதியா?"

அவர் முகம் கறுத்தது. "அத நீங்கதான் மாமா சொல்லணும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமே கேட்டேன். அவள் தன் கைபேசியை எடுத்து, என் பதிவொன்றை உரக்கப் படித்தாள். உரக்கடைக்கு வந்த என் பழைய மாணவர் ஒருவர் தம்பிக்கு அதைக் காட்டியிருக்கிறார். தம்பி அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்.

"'மழை வலுக்கிறது, வேர்க்கடலை வறுத்துத் தரட்டுமா என்றாள் தோழி.' யாரு இவ?"

"நீதான்."

"நானா? எங்க வாயில என்னைக்கு வேர்க்கடலைன்னு வந்திருக்கு? மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம். வலுக்கிறதாம்ல, வலுக்கிறது! இப்படிப் பேசறவ தமிழ் எம்.ஏ. படிச்சவளாத்தான் இருப்பான்னு தம்பி சொல்றான். உங்க காலேஜ்ல அப்படி எத்தனை பேரு இருக்காங்க?"

சிரிப்பு வந்தது, அவள் கண்களைக் கண்டதும் அடங்கிவிட்டது. கட்டிலின்மேல் அவளுடைய துணிப்பை இழுத்து மூடப்பட்டிருந்தது. குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகும்போது மட்டுமே அவள் எடுக்கும் பை அது.

வேர்க்கடலை வறுத்த அன்று கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது, வாணலியில் கடைசிப் பிடி கருகியது, அதை அவளே தின்று தீர்த்தது எனப் பதிவில் இருந்தவற்றைச் சான்றுகளாக அடுக்கினேன். ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டாள்.

"எல்லாம் நம்ம வீட்டுல நடந்ததுதான். ஆனா பேசறது நானில்ல. அவள எங்கேருந்து கொண்டாந்தீங்க?"

இலக்கணத்தில் இதற்கு விதி இல்லை.

மேசைக்குப் போய், அந்த மழைநாளில் அவள் உண்மையில் சொன்னதை, ஓரெழுத்தும் திருத்தாமல், அன்றைய பதிவாகத் தட்டெழுதிக் காட்டினேன்.

'மழ ஜாஸ்தியாவுது, மல்லாட்டை வறுக்கட்டா? அப்புறம் தொப்ப போட்டுடுச்சின்னு எங்கிட்ட பொலம்பக் கூடாது, ஆமா.'

வாய்விட்டுப் படித்தாள். பிறகு வாய் அசையாமல் ஒருமுறை படித்தாள். எழுந்துபோய்ப் பையைக் கட்டிலிலிருந்து இறக்கினாள்.

"தம்பிக்கு நான் சொல்லிக்கிறேன். இத மட்டும் போட்டுடாதீங்க, ஊரே சிரிக்கும்."

அன்று வலைப்பூவில் எதுவும் ஏறவில்லை.

மறுநாள் மாலை நனைந்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன். தட்டோடு வந்து நின்றாள்.

"மழை வலுக்கிறது. வேர்க்கடலை உண்கிறீர்களா?"

முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. என்னை ஏளனம் செய்கிறாளா, அல்லது இனி என் எழுத்தில் வரும் தோழி அவளாகவே இருக்கட்டும் என்று முந்திக்கொள்கிறாளா? கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் பார்வை மட்டும் என் சட்டைப்பையிலிருந்த கைபேசியைவிட்டு நகரவில்லை.