நாற்பத்திரண்டாம் நம்பர் கால்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சிஸ்டம் இன்சார்ஜ். அங்கே என் படிப்பைவிடப் பாதம்தான் அதிகம் பயன்பட்டது. ஆண்கள் ஷூவுக்கு எங்கள் கம்பெனியில் சாம்பிள் தைப்பது நாற்பத்திரண்டாம் நம்பரில். என் கால் அச்சாக நாற்பத்திரண்டு. புது மாடல் எது தைத்தாலும் மாஸ்டர்கள் என் காலில் மாட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

எங்களிடம் ஷூ வாங்கும் பையர்கள் இரண்டு பேர், ஒருவர் ஜெர்மனி, ஒருவர் இத்தாலி. ஆளுக்கொரு சாம்பிள் ரூம், நடுவில் ஒரே சுவர். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து தகவல் வந்தது: தங்கள் டிசைன் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பக்கத்து ரூமுக்குத் தெரியவே கூடாது. அவர்களுடைய சென்னை ஆபீஸிலிருந்து ஆள் வந்து சோதிப்பார். தேறாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் வாணியம்பாடிக் கம்பெனிக்கு.

மேனேஜர் பாய் கூப்பிட்டார். "ஆர்டர் போச்சுன்னா பாதி லைன் காலி. இன்னா பண்ணுவியோ, இவன் சமாச்சாரம் அவனுக்குத் தெரியக்கூடாது."

"லேயர் த்ரீ சுவிட்ச் இருக்குது பாய். ரூமுக்கு ஒரு விலான் போட்டா முடிஞ்சுது."

போட்டேன். கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரே பெட்டிக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க். பெருமையோடு இத்தாலி ரூமிலிருந்து ஜெர்மன் ரூம் கம்ப்யூட்டருக்கு, 'இருக்கியா?' என்று ஒரு பிங் கொடுத்தேன். வரக்கூடாத பதில் உடனே வந்தது. லேயர் த்ரீ சுவிட்சின் குணம் அது. நாம் பிரித்துவைத்தவர்களுக்கு அதுவே நடுவில் வழி போட்டுக் கொடுக்கும். கல்யாணத் தரகரிடம் விவாகரத்து வழக்கை ஒப்படைத்த கதை.

தடுப்பதற்கு அக்சஸ் லிஸ்ட் எழுதினேன். முதல் வரி: எல்லோரையும் விடு. அடுத்த வரி: இத்தாலியை ஜெர்மனிக்குள் விடாதே. சுவிட்ச் மேலிருந்து படித்து, பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். பாடப்புத்தகத்தை நானும் அப்படித்தான் படித்திருந்தேன். வரிகளை இடம் மாற்றியதும் பதில் நின்றது.

சென்னைக்காரர் வந்தார். இரண்டு ரூமிலும் உட்கார்ந்து பிங் கொடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. "சுத்தமா பிரிச்சிட்டீங்க சார்" என்று கையெழுத்துப் போடக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார்.

என் இடது காலில் ஜெர்மனியின் அடுத்த சீசன். வலது காலில் இத்தாலியின் அடுத்த சீசன். வேலை சீக்கிரம் முடியும் என்று மாஸ்டர்கள் இருவரும் வழக்கம்போலக் காலையிலேயே என்னைப் பங்கிட்டிருந்தார்கள்.

"இது என்ன சார்?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஜெர்மன் ரூம் மாஸ்டர்தான் உதவிக்கு வந்தார். "ரெண்டையும் ஒண்ணா போட்டு நடந்தாதான் சார் எது கடிக்குதுன்னு தெரியும்."

சென்னைக்காரர் சற்று யோசித்தார். "எது கடிக்குது?"

"உங்களுதுதான் சார்" என்றேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆர்டர் வந்தது, இரண்டு நிபந்தனைகளோடு. குதிகால் பக்கம் தளர்த்த வேண்டும். ஒரு ரூமுக்குள் போகும் கால் இன்னொரு ரூமுக்குள் போகக்கூடாது.

நான் ஜெர்மனிக்கு ஒதுக்கப்பட்டேன். இத்தாலி ரூமுக்கு சிஸ்டம் அசிஸ்டென்ட் எடுத்தார்கள். வந்தவர்களையெல்லாம் பாய் முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் தெரியுமான்னு ஒருத்தரையும் கேக்கலியே பாய்?"

"அத நீ கத்துக்குடுத்துடுவ. கால் சைஸ கத்துக்குடுக்க முடியுமா?"