சிவப்பு அட்டைப்பூச்சி

1953-இல் பர்பாங்கில் இருந்த எங்கள் சின்ன சினிமா ஸ்டுடியோவில் வெண்டெல் புரூயிட் பெயின்டர். நான் பக்கத்து மேஜையில் சாந்து குழைப்பவன். வெண்டெலுக்கு ஊர் மேயர் யாரென்றுகூடத் தெரியாது. வர்ணம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வருடம் செவ்வாயிலிருந்து இறங்கி ஊரை விழுங்கும் ராட்சத அட்டைப்பூச்சி ஒன்றை ரப்பரில் செய்தோம். வெண்டெல் அதற்கு ரத்தச் சிவப்பு அடித்தான். படமோ கறுப்பு வெள்ளை. சிவப்புதான் திரையில் நல்ல சாம்பல் நிறமாக விழும் என்று கேமராமேன் ஆர்வின் கெஸ்லர் சோதித்துச் சொல்லியிருந்தார். எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

நாடு முழுக்கக் கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலம் அது. ஸ்டுடியோவுக்குள் அவர்களை மோப்பம் பிடிக்க எங்கள் முதலாளியும் பிளாட்ஜெட் என்று ஒருவரை வைத்திருந்தார். பிளாட்ஜெட் வந்து பூச்சியை இரண்டு முறை சுற்றினார்.

“ஏன்யா சிவப்பு?”

“படத்துல சாம்பலாத்தான் சார் தெரியும்.”

“ஓஹோ, சிவப்ப மறைச்சு உள்ள அனுப்புறியா?”

“ஐயோ, இல்ல சார். கடைசில இதக் கரண்ட் வெச்சுக் கொன்னுடுறாங்க.”

“சிவப்பு மேல ஜனங்களுக்குப் பரிதாபம் வரட்டும்னா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் குனிந்து சாந்தைக் குழைக்கத் தொடங்கினேன். அவர் பட்டியலில் பெயர் ஏறினால் ஊரில் எந்த ஸ்டுடியோவும் வேலை தராது.

“யார் சொல்லி அடிச்ச? பேரச் சொல்லு. இல்லன்னா நாளைக்கு இந்த வாசல மிதிக்காத.”

வெண்டெலின் முகம் மலர்ந்தது. “ஆர்வின் சாரக் கேளுங்க! சிவப்பப் பத்தி இந்த ஊர்ல அவருக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது!”

பெருமையாகத்தான் சொன்னான், மடையன். பிளாட்ஜெட் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆர்வினைக் காவலாளி உள்ளே விடவில்லை. மீதிப் படத்தை வேறொருவர் எடுத்தார். படம் வந்ததும், சாம்பல் நிறப் பூச்சி கம்யூனிசத்தின் கோரமுகம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. பிளாட்ஜெட்டுக்கு விருந்து வைத்தார்கள்.

வெண்டெல் மன்னிப்புக் கேட்கப் போனான். துணைக்கு நானும் போனேன். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கும் வேலை முடிந்து ஆர்வின் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். வெண்டெல் வாயைத் திறப்பதற்குள் அவரே அவசரமாகக் கேட்டார்:

“தியேட்டர் பக்கம் போக எனக்கு மனசு வரல. நீ சொல்லுய்யா, சாம்பல் நல்லா விழுந்துச்சா?”

வெண்டெல் படியிலேயே உட்கார்ந்து அழுதான்.