கண்ணிமைக் கட்டியோடு வந்தவர்கள்

கண்ணில் கட்டி வந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டுதான் கிளினிக்குள் நுழையும். அதைப் பிடித்துக்கொண்டு வருபவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நான் மைசூரில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். எப்படியோ கண் கேஸ்கள் என்னைத் தேடி வருகின்றன. நாய் வளர்ப்பவர்களே, ஒரு காலையில் உங்கள் செல்லத்தின் இமையில் மிளகளவு ஏதோ தட்டுப்பட, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்களே, அது எனக்கும் தெரியும். நானும் நாய் வளர்ப்பவள்தான்.

கால் முளைத்த கட்டி

கார்த்திக்கும் தீபாவும் மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. இருவரும் லீவு போட்டுவிட்டு, கோகோ என்ற லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாய்க்கு வரும் கண் புற்றுநோயைப் பற்றி கார்த்திக் போனில் படிக்காத பக்கம் பாக்கியில்லை. "சும்னே, சும்மா ஒரு தடவைதான் சர்ச் பண்ணேன் டாக்டர். எல்லாம் பயங்கரமா போட்டிருக்கு. கண்ணையே எடுக்கணுமா?" என்றார். தீபா கோகோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மேல் இமையில் சாம்பல் நிறத்தில் மொச்சைக்கொட்டை போல் ஒன்று தொங்கியது. டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்தேன். கட்டி காலை ஆட்டியது! ரத்தம் குடித்து ஊதிப்போன உண்ணி. இடுக்கியால் அடியோடு பிடித்து இழுத்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக் காட்டினேன். கார்த்திக் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர், கோகோவுக்கு ஒண்ணுமில்ல. இவர் போனுக்குத்தான் ஏதோ வியாதி, அதைக் கொஞ்சம் பாருங்க."

வெளியே ஒரு பெஞ்சு

ஸ்டெல்லா சிஸ்டர் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பொமரேனியன் பிரின்ஸுக்கும் ஓய்வுபெறும் வயதுதான். கீழ் இமையின் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி. இமையில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் வருவது அது. வயதான நாய்களுக்கு அடிக்கடி வரும், பெரும்பாலும் வேறு இடத்துக்குப் பரவாது. ஆனால் பிரின்ஸ் கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் கட்டி கருவிழியில் உரசி, அங்கே புண்ணாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும், கிழ நாய்க்கு எதற்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். சிஸ்டருக்கோ மயக்க மருந்தை நினைத்துப் பயம். "ஹார்ட் தாங்குமா டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் இதயமும் நன்றாக இருந்தன. விட்டால் கண் போய்விடும் என்றேன். தலையாட்டிவிட்டு, ஜெபமாலையோடு வெளியே போய் உட்கார்ந்தார்.

பாதி ஆபரேஷனில் பிரின்ஸின் மூச்சு தளர்ந்தது. என் உதவியாளர் பிலோமினா என் முகத்தைப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டு, மயக்க மருந்தைக் குறைத்து, அந்தச் சின்ன மார்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மறுபடி ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. கேக் வெட்டுவது போல ஆப்பு வடிவத்தில் கட்டியை எடுத்துவிட்டு, இமையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தேன். நூல் முனை கண்ணில் உரசிவிடக் கூடாது, அதுதான் அங்கே கஷ்டம். பிரின்ஸ் விழித்ததும் சிஸ்டரின் கையை முகர்ந்து பார்த்து, வாலை லேசாக அசைத்தான். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆயுசு பூரா தியேட்டருக்குள்ளயே நின்னுட்டேன் டாக்டர், வெளியில இருக்கற பெஞ்சு இவ்வளவு கெட்டியா இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

சும்மா இருந்ததற்கு நன்றி

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ரங்காச்சாரி என்றொரு பெரியவர் தன் நாய்க்குட்டி சின்னுவைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இமையில் காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு மரு. குட்டிகளுக்கு வைரஸால் வருவது. உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததும் தானே சுருங்கிவிடும். கண்ணிலும் உரசவில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், நடுநடுவே கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். "ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு ஒரு டாக்டரா?" என்று கோபித்துக்கொண்டார். ஆனாலும் சொன்னபடி வந்தார். வரும்போதெல்லாம் அதையே கேட்டார்.

ஒருநாள் கூடையில் சின்னுவோடு ஒரு டப்பா புளியோதரையும் வந்தது. மரு இருந்த இடமே தெரியவில்லை. பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. "ரங்கநாதர் சரி பண்ணிட்டார். நீங்க குறுக்கே வராம இருந்தேளே, அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்."

கருப்பி

செல்வம் தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரர், ஹெப்பாள் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் கொத்தனார். வேலை நடந்த இடத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாய் கருப்பி. தகரக் கொட்டகையில் அவரும் மனைவி ராசாத்தியும் இருக்க, வாசலில் அது படுத்திருக்கும். அதை ஆட்டோவில் கொண்டுவந்தபோது இடது கண் வெளியே பிதுங்கி, இமை மூட முடியாமல் காய்ந்து போயிருந்தது. கண்ணுக்குப் பின்னால் கட்டி. வலியில் அது சாப்பாட்டையே விட்டிருந்தது.

கண்ணோடு சேர்த்து எடுத்தால்தான் வலி தீரும் என்றேன். செல்வம் கருப்பியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். "ஒத்தக் கண்ண வெச்சுட்டு எப்படீங்க பொழைக்கும்?" அதற்கு நான் பதில் சொல்வதற்குள் ராசாத்தி முந்திக்கொண்டார். "அந்தக் கண்ணு இப்ப மட்டும் தெரியுதா? வலி ஒண்ணுதான் மிச்சம். எடுத்துருங்கம்மா." எடுத்தோம். ஆய்வில் அது புற்றுநோய்தான் என்று வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் திரும்ப வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். "இருக்கற வரைக்கும் நிம்மதியா திங்கட்டும், தூங்கட்டுமுங்க" என்றார் செல்வம்.

தையல் பிரிக்க வந்தபோது கருப்பி ஆட்டோவிலிருந்து தானே குதித்தது. வாசற்படியில் இடப்பக்கம் ஒருதரம் இடித்துக்கொண்டது. அடுத்த படியில் தலையைத் திருப்பிப் பார்த்து ஏறியது. உடம்பில் சதை பிடித்திருந்தது. மேஜையில் ஏற்றியதும் என் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டு பிஸ்கட் தேடியது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். செல்வம் சிரித்தார். "முந்தி ரெண்டு கண்ணுல பாத்து ஒருக்கா கொரைக்குமுங்க, இப்ப ஒத்தக் கண்ணுல பாத்து ரெண்டு தடவ கொரைக்குதுங்க, கணக்கு நேராயிருச்சு!"

இத்தனை வருஷத்தில் என் நோயாளி ஒருவர்கூட வாய் திறந்து எனக்கு நன்றி சொன்னதில்லை, ஆனால் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் கையைக் கொண்டுபோயும் கடிக்க வாயைத் திறக்காமல் இருந்தார்களே, அந்த நன்றியை மறக்க மாட்டேன்.