மாநிறம் என்று சொன்னவள்

பம்பாயில், செம்பூரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே, முதல் மாடியில் அந்த லேசர் கிளினிக் இருக்கிறது. அதன் வரவேற்பறையில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி ஒரு நாற்காலி உண்டு. சில மாதங்களாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் அது என்னுடையது. நான் அங்கே சிகிச்சைக்குப் போவதில்லை. பழிவாங்கப் போகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாதவிடாய் தாறுமாறாகப் போகத் தொடங்கிய வயதில் என் தாடையில் முடி முளைத்தது. மெல்லிய பூனைமுடி அல்ல, கறுத்துத் தடித்த முடி. மாட்டுங்காவில் எங்கள் தெருமுனைப் பார்லரில் நூல் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். எடுத்த மறுவாரமே விரலுக்குத் தட்டுப்படும். லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டேன். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் எதிரே இருப்பவள் கண் என் தாடைக்குத்தான் போகும். கணவரிடம் சொன்னால், "யாருக்குத் தெரியறது, விடு" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கிளினிக்கை நடத்துகிறவள் முன்பு எங்கள் கட்டடத்திலேயே கீழ்வீட்டில் இருந்தவள். என் வயதுதான். அவள் டாக்டர் இல்லை. போர்டில் ஒரு டாக்டரின் பெயர் இருக்கிறது. அந்த டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. கோயிலில் என்னைப் பார்த்தபோது அவள்தான் தாடையைக் கவனித்துவிட்டு, ரகசியம் போல, "மாமி, எத்தனை நாள் நூலால இழுத்துண்டு இருப்பேள்? ஆறு சிட்டிங், அப்புறம் மறந்தே போயிடுவேள்" என்றாள்.

ஆறு சிட்டிங்குக்கும் பணம் கட்டினேன். முதல் சிட்டிங்குக்கு முன்தினம் பார்லருக்குப் போய்த் தாடையைச் சுத்தமாக நூல் போட்டுக்கொண்டேன். வேலைக்காரி வருவதற்குள் பாத்திரத்தை அலம்பி வைக்கிற குடும்பம் எங்களுடையது. அந்நியர் முன்னால் முடியும் முகமுமாகப் போய் உட்காரலாமா? லேசர் முடியின் வேரில் இருக்கும் கறுப்பைத்தான் பிடிக்கும் என்றும், வேரோடு பிடுங்கிவிட்டால் அதற்கு அங்கே வேலையே இல்லை என்றும், முன்தினம் சவரம் மட்டும்தான் செய்துகொண்டு போகவேண்டும் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மழமழத்த தாடையைத் தடவிப் பார்த்த, அங்கே மெஷினை இயக்கும் பெண்ணும் சொல்லவில்லை.

கிளினிக்காரி என்னை உட்கார வைத்து, "மெஷினுக்கு ஸ்கின் கலர் செட் பண்ணணும் மாமி" என்றாள்.

"நான் கறுப்புதானே" என்றேன்.

"ஐயே, யார் சொன்னா கறுப்புன்னு? நல்ல மாநிறம் நீங்க. பம்பாய் வெயில்ல கொஞ்சம் டல்லாயிருக்கேள், அவ்வளவுதான்." மெஷின் பெண்ணிடம் திரும்பி, "மீடியம் ரகோ" என்று மீடியத்தில் வைக்கச் சொன்னாள்.

எங்கள் மனிதர்களிடையே ஒரு பெண்ணை நேருக்கு நேர் கறுப்பு என்று சொல்கிற வழக்கம் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சொல்வார்கள். எனக்கு முதலில் வந்த மூன்று வரன்களும் அப்படித்தான் போயின. ஜாதகத்தோடு அப்பா எழுதி அனுப்பிய குறிப்பிலும் நான் மாநிறம்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு இனித்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்கிறார்கள் என்று மெஷினுக்குத் தெரியாது. தோலில் எவ்வளவு கறுப்பு இருக்கிறதோ அவ்வளவையும் அது சூடாக்கும்.

கண்ணைக் கறுப்புக் கண்ணாடியால் மூடிவிட்டார்கள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல் இருக்கும் என்றார்கள். முதல் அடி அப்படித்தான் இருந்தது. இரண்டாவது அடியில் தோசைக்கல்லின் விளிம்பு பட்டது போலிருந்தது. "எரியறது" என்றேன். அடுத்த அறையிலிருந்து அவள் குரல் வந்தது: "சுரீர்னுதான் இருக்கும் மாமி. பல்லைக் கடிச்சுக்கோங்கோ." கடித்துக்கொண்டேன். சொன்னதைக் கேட்டு நடக்கிறவள் நான்.

மறுநாள் கொப்புளம். அது அடங்கியபோது இடது தாடையோரம் ஐந்து தழும்புகள் இருந்தன, சட்டைப் பொத்தான் அளவில், வரிசை தப்பாமல். முடி ஒன்று விடாமல் திரும்பி வந்தது.

போய்க் காட்டினேன். "வெயில்ல அலைஞ்சிருப்பேள்" என்றாள். அலையவில்லை என்றேன். "மஞ்சள் பூசிண்டேளா?" இல்லை என்றேன். கடைசியில் அவள் சொன்னாள்: "உங்க ஸ்கின் இவ்வளவு டார்க்குன்னு நீங்கன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்?"

மாடிப்படி இறங்கும்போது பின்னாலிருந்து அவள், "பாக்கி சிட்டிங் இருக்கு மாமி, எப்ப வேணும்னாலும் வாங்கோ!" என்றாள்.

மாஹிமில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் தழும்புகளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, நான் முன்பே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கணவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். கோர்ட்டு பணம் வாங்கிக் கொடுக்கும். எனக்குப் பணம் வேண்டாம். அவள் தன் வாயால், தன் கிளினிக்கில், அந்நியர் முன்னால், நான் கறுப்பு என்றும், என்னை மாநிறம் என்று சொல்லி மெஷினை வைத்ததாகவும் சொல்ல வேண்டும். அது மட்டும் போதும்.

எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னாள் அல்லவா, போனேன். அலுவலகம் விட்டு முகம் கழுவி, பவுடர் பூசாமல், கூந்தலை வலப்பக்கம் தள்ளி முடித்து, இடது தாடை கதவுப் பக்கம் தெரியும்படி அந்த நாற்காலியில் உட்காருவேன். நானாக யாரிடமும் பேச மாட்டேன். ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

சொல்வேன். முகத்தில் திடீரென்று முடி வந்தால் முதலில் ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், காரணம் உள்ளே இருந்தால் வெளியே சுட்டுப் பயனில்லை. நரைத்த முடி என்றால் வரவே வேண்டாம், லேசருக்கு அது கண்ணில் படாது. சில பேருக்கு லேசர் போட்டதாலேயே முகத்தில் முடி கூடிப்போவதும் உண்டு. எந்த மெஷின், கறுத்த தோலுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் ஓர் இடத்தில் போட்டுப் பார்த்து, சில நாள் பொறுத்துத் தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முகத்தைக் கொடுங்கள். ஊருக்குப் போய் வெயிலில் கறுத்து வந்த கையோடு வராதீர்கள். டாக்டர் எங்கே என்று கேளுங்கள். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் உரக்கச் சொல்வேன்.

அவள் ஒரு தடவை என்னிடம் வந்து, "என்ன மாமி, தினம் சத்சங்கமா?" என்றாள்.

"தினம் இல்லை, சனிக்கிழமை மட்டும்" என்றேன்.

"உள்ள வாங்கோ, சிட்டிங்கை முடிச்சுக்கலாம்."

"இன்னிக்கு மனசு இல்லை. பாக்கி இருக்கட்டும்."

மழை விட்ட ஒரு சனிக்கிழமை தாராவியிலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என்னைவிடக் கறுப்பு. தேய்த்துத் துடைத்த வெண்கலம் போல ஒரு கறுப்பு. அப்படி ஒரு முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலுதட்டிலும் கன்னத்தோரமும் கொஞ்சம் முடி இருந்தது. அம்மா என் எதிரே உட்கார்ந்தாள்.

"வலிக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டு உற்றுப் பார்த்தாள். "இதென்ன தாடையில? சூடு கீடு பட்டுட்டா?"

"இங்கே போட்டதுதான். மாஹிம்ல ஒரு டாக்டர்ட்ட காட்டிண்டிருக்கேன்" என்றேன்.

"யாத்தே!"

"மம்மி, தமாஷா மத் கரோ, கூத்துப் பண்ணாதே" என்றாள் பெண், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் எடுத்தாள். என் தாடையைப் பார்த்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

நான் மேலே சொல்வதற்குள் கிளினிக்காரி உள்ளேயிருந்து வேகமாக வந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல், பெண்ணின் முகவாயைத் தொட்டு, "வா கண்ணு. எவ்வளவு லட்சணமா இருக்கே. நல்ல மாநிறம், ஒரு தொந்தரவும் வராது" என்றாள்.

எழுந்தேன். எத்தனையோ சனிக்கிழமைகள் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாமி, எனக்கும் அதேதானே சொன்னேள்?" என்று அவளைக் கேட்டேன்.

"என்னது?"

"மாநிறம்னு."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சொன்னேளா, இல்லையா?"

அறையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மெஷின் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கிளினிக்காரி சிரிக்க முயன்றாள். "மரியாதைக்குச் சொல்றதுதானே மாமி. பின்ன மூஞ்சிக்கு நேரவா சொல்லுவா?"

"எதை?"

"நீங்க கொஞ்சம் டார்க்குன்னு."

"தமிழ்ல சொல்லுங்கோ. இவாளுக்குப் புரியணும்."

தாராவி அம்மா, "எனக்குப் புரியுது, இருந்தாலும் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

கிளினிக்காரி தண்ணீர் கேனைப் பார்த்தாள். "கறுப்பு" என்றாள்.

"யாரு?"

"நீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கறுப்பு. நான் மாநிறம்னு மெஷினை வச்சேன். போதுமா?"

"இந்தப் பொண்ணு?"

அம்மா தன் பெண்ணின் முழங்கையைப் பிடித்தாள். "எந்திரிட்டி. எம்பிள்ள கறுப்புதாம்லா, எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையும் கறுப்புதான். ரெண்டு பேரும் மணவறையில நிக்கையில, பொண்ணு மூஞ்சில என்ன சூடுன்னு ஊரே கேக்கவா?" வாசலில் நின்று என்னிடம், "அந்த மாஹிம் டாக்டரு எங்கன இருக்காருன்னு சொல்லுங்கக்கா" என்றாள். மற்ற இரண்டு பேரும் அவர்களுக்குப் பின்னாலேயே படியிறங்கினார்கள்.

அவள் என்னருகே வந்து, தணிந்த குரலில், பாக்கி சிட்டிங்குக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். இனிமேல் வரவேண்டாம் என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வருமோ என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தேன். வரவில்லை.

"பணம் வேண்டாம் மாமி. சிட்டிங் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கேட்டது கிடைத்துவிட்டதே, இனி எதற்குப் போகிறாய் என்று கணவர் கேட்டார். என் தழும்பு இன்னும் மறையவில்லை, அவளுடைய போர்டும் இன்னும் இறங்கவில்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இல்லை. சோபாவில் உட்கார்ந்தேன். அங்கிருந்து வாசல் இன்னும் நன்றாகத் தெரிந்தது.