மண்வெட்டியோடு பார்த்த படம்

இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக ஆடுபவள் என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. பாட்டு முழுவதிலும் அவள் முகம் தெளிவாகத் தெரிவது இரண்டே இடத்தில்தான். மற்ற நேரமெல்லாம் நாயகியின் கொண்டை மறைத்துவிடுகிறது. அந்தப் பழைய படத்தைப் பேரன் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நிறுத்துகிறேன், பின்னால் தள்ளுகிறேன், மறுபடி ஓட்டுகிறேன். நாயகன் கடைசிக் காலத்தில் என்ன ஆனான், வில்லன் எந்த ஊரில் செத்தான் என்றெல்லாம் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் ஆடிய பதினாறு பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

“அதையே போட்டுப் போட்டுப் பாத்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்கிறாள் மனைவி. “அந்தம்மா என்ன எறங்கியா வரப்போகுது?”

அத்தை நாடகக் குழுவோடு மெட்ராஸுக்குப் போனது நான் பிறப்பதற்கு முந்தைய வருடம். தாத்தா அன்றே தலைமுழுகிவிட்டார். வீட்டில் அவள் பேச்சே கிடையாது. இதெல்லாம் அப்பா காலமான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சினிமா என்றாலே முகம் சுளிக்கும் அப்பா, கன்னிவாடிக் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது என்னை அழைத்துப் போனார்.

“ஏலே அப்பு, கெளம்பு. தாத்தா கேட்டா தண்ணி பாச்சப் போறோம்னு சொல்லு,” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொள்வார். பொய்யில்லை. பங்குக் கிணற்றில் எங்களுக்கு அப்போது இரவு முறை. நேரத்துக்குப் போகாவிட்டால் தண்ணீர் அடுத்த பங்காளிக்குப் போய்விடும்.

டிக்கெட் கிழிப்பவர் மண்வெட்டியை வாங்கித் தட்டியோரம் சாத்துவார். “மம்பட்டியோட படம் பாக்க வாரது இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதாண்ணே. உள்ள வரப்பு வெட்டப் போறீகளா?” அப்பா சிரிக்கமாட்டார்.

மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். நாயகன் சிறைக்குப் போவான், நாயகி அழுவாள், அந்தப் பாட்டு வரும். பாட்டு முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்து எழுப்பிவிடுவார். “அம்புட்டுத்தான். போவம்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும். நாயகன் தப்பித்தானா இல்லையா என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாப் பயல்களுக்கும் தெரியும். நான்கு முறை போய், நான்கு முறையும் பாதியில் எழுந்து வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா மடை திருப்பும்போது வரப்பில் உம்மென்று உட்கார்ந்திருப்பேன்.

“கடைசில எல்லாரும் ஒண்ணு சேந்துக்குவாகடா. வேற என்ன இருக்கப் போகுது,” என்பார்.

பிறகு ஒரு நாள் மாட்டுவண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, ‘இன்றே இப்படம் கடைசி’ என்று சொல்லிப் போனார்கள். அன்று முழுவதும் அப்பா நிலைகொள்ளாமல் நடந்தார். முறைத் தண்ணீரைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். சாயங்காலம் மண்வெட்டியைத் தொடவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டார். எனக்குத் தீபாவளிச் சட்டையை மாட்டி, எண்ணெய் தடவித் தலையைப் படிய வாரிவிட்டார். தாத்தா பார்த்தார், எங்கே என்று கேட்கவில்லை. இன்றைக்கு முடிவைப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாட்டு தொடங்கியது. அப்பா எழுந்து நின்று, என் இடுப்பைப் பிடித்துத் தம் தலைக்கு மேல் தூக்கினார்.

“யாருய்யா அது, மறைக்குதுல்ல? உக்காரு.”

“புள்ளைக்குத் தெரியலையாம். செத்த நேரம் பொறுங்கய்யா.”

“எனக்கு உக்காந்தாலே தெரியுதுப்பா. எறக்கி விடுங்க.”

அவர் இறக்கவில்லை. என் தலையின் நிழல் திரையில், ஆடும் பெண்களின் காலடியில் போய் விழுந்தது. கொட்டகையே சிரித்தது. வெட்கத்தில் நான் நெளிந்தேன். பாட்டு தீரும்வரை அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா எனக்குப் படம் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டை மாட்டி, தலை வாரி, என்னை அவர் யாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.